தோட்டத்துச் சரித்திரம் எங்கே கிடைக்கும்?



"உங்க தோட்டம் எந்த வருஷம் திறந்தது?" என்று வெளியூர்க்காரர் ஒருவர் நம்மைக் கேட்டால் என்ன சொல்வோம்? "அது வெள்ளைக்காரன் காலத்துலேயே திறந்ததுங்க" என்போம். "யார் திறந்தது?" என்றால், "யாரோ ஒரு துரை" என்போம். "முதன்முதலில் காடு வெட்ட வந்த நம்மவர் யார்? எந்த ஊர்க்காரர்? எத்தனை குடும்பம்?" என்று மேலும் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "பெரியவங்க இருந்திருந்தா சொல்லியிருப்பாங்க" என்று ஒரு பெருமூச்சு விடுவோம். அத்தோடு சரி.

நம் வட்டாரத்தின் பழைய சரித்திரத்தைப் பாருங்கள். கோல சிலாங்கூரில் மலாவத்திக் குன்றின்மேல் ஏறுகிறவர்கள் அங்கே பீரங்கிகளைக் காண்கிறார்கள். 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் அந்தக் கோட்டையைப் பிடித்து அதற்கு அல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே, 1785இல், சுல்தான் இப்ராகிம் அதைத் திரும்பப் பிடித்துக்கொண்டார். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்தச் செய்தி நமக்கு எப்படித் தெரிகிறது? டச்சுக்காரர்கள் எழுதி வைத்தார்கள். மலாய்ச் சரித்திர ஆசிரியர்களும் எழுதி வைத்தார்கள். பிறகு வந்தவர்கள் அந்த ஏடுகளைப் பாதுகாத்தார்கள். ஆகவே தெரிகிறது.

ஆனால் அந்தக் குன்றுக்குக் கிழக்கே புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, அதற்கும் அப்பால் ரவாங், உலு சிலாங்கூர் என்று பரந்து கிடக்கும் பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்த நம் முன்னோர்கள் எழுதி வைக்கவில்லை. எழுத அவர்களுக்கு நேரமில்லை. பலருக்கு எழுத்தும் தெரியாது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவர் நாட்குறிப்பா எழுதிக்கொண்டிருப்பார்?

அப்படியானால் நம் சரித்திரம் அழிந்தே போயிற்றா? இல்லை. அது சிதறிக் கிடக்கிறது. பெரியவர்கள் வாயில் கொஞ்சம், அரசாங்கக் கோப்புகளில் கொஞ்சம், பழைய பத்திரிகைகளில் கொஞ்சம், பள்ளிக்கூட அலமாரியில் கொஞ்சம் என்று கிடக்கிறது. அதைத் தேடுவது எப்படி, தேடிக் கிடைத்ததில் எதை நம்புவது, அதற்கு நூல்நிலையத்தார் எப்படித் துணை செய்வார்கள் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

செம்பனைக்கு எத்தனை பிறந்த ஆண்டு?

முதலில் மாணவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டிற்குச் செம்பனை எப்போது வந்தது? ஒரு புத்தகம் 1870களில் என்கிறது. இன்னொரு புத்தகம் 1911 அல்லது 1912 என்கிறது. மூன்றாவது புத்தகம் 1917 என்கிறது. கைப்பேசியில் தேடினால் மூன்றுமே வரும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, "சார், இதுல எதை எழுதுறது?" என்று கேட்கத்தானே செய்யும்?

தீர விசாரித்துப் பார்த்தால் மூன்றில் எதுவும் பொய்யில்லை. 1870களில் செம்பனை அழகு மரமாக இந்தப் பக்கம் வந்தது. பூந்தோட்டத்தில் வைத்துப் பார்ப்பதற்காக வந்த மரம் அது. 1911, 1912 வாக்கில் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், சுமத்ராவின் டெலி பகுதியிலிருந்து வந்த விதைகளை நம் வட்டாரத்து ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் நட்டார். அதுவும் முதலில் அழகுக்காகத்தான். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் வியாபாரப் பயிராக முதன்முதலில் செம்பனை நடப்பட்டது. அதாவது 'எப்போது வந்தது?', 'நம் வட்டாரத்தில் எப்போது நட்டார்கள்?', 'எப்போது தொழிலாயிற்று?' என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். மூன்று ஆண்டுகளும் அந்த மூன்று கேள்விகளுக்குரிய விடைகள். கேள்வியைத் தெளிவாகக் கேட்காதவரையில் விடை குழப்பமாகத்தான் இருக்கும்.

அந்தத் தோட்டத்தின் பெயரைப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாலும் வாய்விட்டுப் படித்தால் நம் காதில் தமிழாகவே விழுகிறது. உலகச் சந்தையில் பெரிய பேர் வாங்கிய மலேசியச் செம்பனைத் தொழில், தமிழ்ப் பெயர் கேட்கும் ஒரு தோட்டத்தில், நம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் தொடங்கியது என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் ஃபோக்கோனியே பிரான்சுக்குத் திரும்பிப் பட்டாளத்தில் சேர்ந்தார். அப்படியென்றால் 1917இல் தென்னமரத்தில் வெயிலில் நின்று குழி வெட்டியவர்கள் யார்? கன்று சுமந்தவர்கள் யார்? தொழிலாளர்கள்தான். துரையின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. குழி வெட்டியவரின் பெயரை எந்தப் பாடப் புத்தகத்திலும் காணோம். அன்றைய செக்ரோலில் அந்தப் பெயர்கள் இருந்திருக்கும். சம்பளம் போட வேண்டுமே! அந்த செக்ரோலைப் பாதுகாத்து வைப்பவர்கள் இருந்தால்தான் அந்தப் பெயர்கள் நமக்குக் கிடைக்கும்.

இதே ஃபோக்கோனியே பிற்காலத்தில் நம் வட்டாரத் தோட்ட வாழ்க்கையை வைத்து ஒரு நாவல் எழுதினார். 'மலேஸி' என்ற அந்தப் பிரெஞ்சு நாவலுக்கு 1930ஆம் ஆண்டில் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசு கிடைத்தது. நம் தமிழ்த் தொழிலாளர்களும் அதில் வருகிறார்கள். அன்றைய வாழ்வின் வாசனையை அறிய அதைப் படிக்கலாம். ஆனால் நாவல் நாவல்தான். அன்றைக்குச் சம்பளம் எவ்வளவு, காய்ச்சலில் எத்தனை பேர் போனார்கள் என்பதற்கெல்லாம் அதைச் சான்று காட்ட முடியாது. நூல்நிலையத்தில் நாவலை ஓர் அலமாரியிலும் சரித்திரத்தை வேறோர் அலமாரியிலும் வைக்கிறார்களே, அது வெறும் அடுக்கு வேலையன்று. 'இதை இப்படிப் படி, அதை அப்படிப் படி' என்று நமக்குச் சொல்லாமல் சொல்லும் வேலை அது.

தாத்தா வந்த கப்பல்

அடுத்து, பெரியவர்கள் வாய்ச்சொல். இதை லேசாக நினைக்கக் கூடாது. புத்தகத்தில் இல்லாத எத்தனையோ விஷயம் அவர்களிடம் உண்டு. ஆனால் கேட்டதை அப்படியே எழுதிவிடவும் கூடாது. 'கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் பழமொழியே எச்சரிக்கிறது. யார் வாயிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் அதில் உள்ள உண்மையைக் கண்டுகொள்வதே அறிவு என்று திருவள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். "எங்க தாத்தா 1910ல ரஜூலா கப்பல்ல வந்தாரு" என்று ஒரு குடும்பத்தில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ரஜூலா என்ற கப்பலை அறியாத தமிழ்க் குடும்பம் மலேசியாவில் குறைவு. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் நம்மவரை ஏற்றி இறக்கிய கப்பல் அது. ஆனால் அது கட்டப்பட்டதே 1926இல்தான். 1910இல் அதில் எப்படி வந்திருக்க முடியும்?

அதற்காகத் தாத்தா பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. வேறு கப்பலில் வந்திருப்பார். பிற்காலத்தில் ரஜூலாவின் பெயர் பிரபலமானதால் அந்தப் பெயரே வாயில் நிலைத்திருக்கும். அல்லது முதல் தடவை 1910இல் வந்து, ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து, இரண்டாம் தடவை ரஜூலாவில் திரும்பியிருப்பார். அவர் கடல் கடந்து வந்தது மெய். ஆண்டும் கப்பலும் பொருந்தவில்லை என்பதும் மெய். இரண்டையும் வைத்துக்கொண்டு, "பாட்டி, தாத்தா எத்தனை தடவை ஊருக்குப் போய் வந்தாரு?" என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கிற கதை வெளியே வரும்.

இப்படிப் பொருத்திப் பார்ப்பதற்குச் சில ஆண்டுகளை எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஏற்பாடு சட்டமாயிற்று. தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி, அந்தப் பணத்தில் நம்மவருக்குக் கப்பல் செலவு கொடுத்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910ஐ ஒட்டி நிறுத்தப்பட்டது. அதன் பிறகு கங்காணி முறையே பெரும்பாலும் நடந்தது. 1938 ஜூன் 15ஆம் நாள் இந்திய அரசாங்கம் உதவிப் பணத்தில் கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. ஆகவே, "சண்டை முடிஞ்சப்புறம் கங்காணி கூட்டிக்கிட்டு வந்தாரு" என்று யாராவது சொன்னால், கொஞ்சம் நின்று விசாரிக்க வேண்டும்.

பெயர் மாறினால் வழியும் மாறும்

தேடுகிறவருக்கு இன்னொரு சங்கடம் பெயர்களால் வருகிறது. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பட்டணத்திற்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. இன்றைய பிள்ளை கணினியில் பெஸ்தாரி ஜெயா என்று போட்டுத் தேடினால் 1950ஆம் ஆண்டுப் பத்திரிகைச் செய்தி எப்படி வரும்? அன்று அந்தப் பெயரே இல்லையே! கோல சிலாங்கூர் என்ற பெயரையே அந்தக் காலத்து ஆங்கிலேயர் வேறு வேறு எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். தோட்டங்களுக்கோ கேட்கவே வேண்டாம். கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம்ம ஆளுங்க கூப்பிட்ட பெயர் ஒன்று. கம்பெனி கை மாறும்போது மூன்றாவது பெயர் ஒன்று. டிவிஷன்களைப் பிரித்தும் சேர்த்தும் வைத்ததில் நான்காவதும் உண்டு.

இங்கேதான் நூலகரின் அருமை தெரியும். ஒரு மாணவன் போய், "நம்ம தோட்டத்தைப் பத்தி ஒரு புத்தகம் குடுங்க" என்று கேட்பான். அனுபவமுள்ள நூலகர் உடனே 'இல்லை' என்று சொல்லிவிட மாட்டார். "தோட்டத்துக்குப் பழைய பேரு என்ன தம்பி? எந்தக் கம்பெனி வச்சிருந்தது? உனக்கு வேண்டியது தோட்டம் திறந்த ஆண்டா, பள்ளிக்கூடம் திறந்த ஆண்டா, கோயில் கட்டுன ஆண்டா?" என்று திருப்பிக் கேட்பார். இந்த மூன்று கேள்வியிலேயே பாதித் தேடல் முடிந்துவிடும். தோட்டம் திறந்ததற்கு நிலப் பதிவையும் மாவட்ட அதிகாரியின் ஆண்டறிக்கையையும் பார்க்கலாம். பள்ளிக்கூடத்திற்கு வேறு கோப்பு இருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று சொல்லியது. ஆகையால் பள்ளிகளைப் பற்றியும் அரசாங்கம் கணக்குக் கேட்டது. கோயிலுக்கோ கும்பாபிஷேக மலரும் திருவிழா நோட்டீசும்தான் சான்று. எந்தக் கேள்விக்கு எந்தத் தாள் என்று அறிந்தவரே நல்ல நூலகர்.

கணினியும் கைப்பேசியும் வந்த பிறகு நூலகர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கைப்பேசி நாம் கேட்டதைக் கொடுக்கும். சில சமயம் கேட்காததையும் கொடுக்கும். ஆனால் 'நீ கேட்டது சரியான கேள்விதானா?' என்று திருப்பிக் கேட்காது. குடும்பக் குழுவில் ஒருவர் அனுப்பிய செய்தியை யார் எழுதியது, எந்த ஆண்டு எழுதியது, எதைப் பார்த்து எழுதியது என்று கேட்டால் பெரும்பாலும் ஆள் அகப்படமாட்டார். புத்தகத்திற்கோ ஆசிரியர் பெயர் உண்டு. அச்சிட்ட ஆண்டு உண்டு. தவறு இருந்தால் யாரைக் கேட்பது என்றாவது தெரியும்.

மன்னார்குடி மாட்டுவண்டி

நூலகர் வேலையை உலகத்திற்கே ஒரு சாஸ்திரமாக வகுத்துக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர் என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் முதலில் கணித ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவரை 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூல்நிலையத்திற்கு நூலகராகப் போட்டார்கள். லண்டனுக்குப் போய்ப் படித்து வந்த பிறகு அதையே வாழ்நாள் தொண்டாக ஏற்றுக்கொண்டார். 1931இல் நூல்நிலையத்திற்கு ஐந்து விதிகளை வகுத்துப் புத்தகமாக வெளியிட்டார். நூல் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது அவர் கொள்கை. படிக்க வருகிறவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதையும் ஒரு விதியாகவே வைத்தார். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கும் அவருடைய முயற்சியே பெரிய காரணம்.

அதே 1931ஆம் ஆண்டில் தஞ்சாவூர் ஜில்லாவின் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற இஞ்சினியர் ஒரு காரியம் செய்தார். மாட்டுவண்டியில் புத்தக அலமாரி கட்டி, சுற்றியுள்ள கிராமங்களுக்குப் புத்தகம் அனுப்பினார். ரங்கநாதன் அதற்குத் துணை நின்றார். யோசித்துப் பாருங்கள். அந்தத் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்தும் திருச்சி, சேலம், வட ஆற்காடு ஜில்லாக்களிலிருந்தும்தான் நம் முன்னோர் பலர் இங்கே வந்தார்கள். அவர்கள் இங்கே பால் வாளியைச் சுமந்துகொண்டிருந்த காலத்தில், அங்கே அவர்கள் விட்டு வந்த கிராமங்களுக்கு மாட்டுவண்டி புத்தகம் சுமந்து போயிற்று. இன்று நம் நாட்டிலும் நடமாடும் நூல்நிலைய வண்டிகள் உண்டு. பட்டணத்துப் பொது நூல்நிலையங்களும் உண்டு. போகத்தான் நமக்கு மனம் வேண்டும்.

பட்டியல் போட்டவர்கள்

நம் நாட்டுச் சங்கதிக்கு வருவோம். மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் பகுதிக்கு 1960களில் தலைவராக இருந்த சேவியர் தனிநாயகம் அடிகளார், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திக் காட்டினார். அதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே 1966இல் அவர், தமிழ் ஆராய்ச்சி செய்வோர் எந்தெந்த நூலைப் பார்க்கலாம் என்று வழிகாட்டும் ஒரு பட்டியல் நூலையும் வெளியிட்டார். இது பலருக்குத் தெரியாது. மாநாட்டுக்குக் கூடிய கூட்டம் கலைந்துவிட்டது. பட்டியலோ இன்றும் தேடுகிறவனுக்கு வழி சொல்கிறது.

1969இல் இன்னொரு பட்டியல் வந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் திரட்டி இராம சுப்பையா தயாரித்த அந்தத் தொகுப்பை மலாயாப் பல்கலைக்கழக நூல்நிலையமே வெளியிட்டது. பார்ப்பதற்குப் பெயரும் ஆண்டுமாக வரிசை வரிசையாக இருக்கும். கதை இல்லை, கவிதை இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் இல்லாவிட்டால், இப்படியொரு புத்தகம் நம் நாட்டில் அச்சானதா என்பதே பலவற்றைப் பற்றித் தெரியாமல் போயிருக்கும். இல்லாத பொருளைத் தேடி அலைவதும், இருக்கிற பொருளை இல்லையென்று விட்டுவிடுவதும் பட்டியல் இல்லாததால் வருகிற கேடுகள்.

பத்திரிகைகளும் அப்படித்தான். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோயிற்று. 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் படம் பிடித்து இணையத்தில் வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டதையும், பட்டாளம் வந்ததையும், சுட்டதையும் அரசாங்க அறிக்கை ஒரு விதமாகச் சொல்லும். தோட்ட முதலாளிகள் பக்கம் நின்ற பத்திரிகை வேறு விதமாகச் சொல்லும். தமிழ்ப் பத்திரிகையும் நம் பெரியவர்களும் இன்னொரு விதமாகச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் படித்தவன் ஒரு பக்கத்தைத்தான் அறிவான். நாலையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக் கொடுப்பது நூல்நிலையம். தீர்ப்புச் சொல்வது படிக்கிறவன் பொறுப்பு.

பெயர் எழுதப்படாதவர்கள்

எழுத்தில் ஏறாமல் போனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு சயாம் ரயில் பாதையைத்தான் காட்ட வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1943 வரை, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தூரத்திற்கு ஜப்பானியர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவரைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். "படம் காட்டுறாங்கன்னு கூப்பிட்டு அப்படியே லாரியில ஏத்திட்டாங்க" என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அங்கே விழுந்தவர்கள் ஆயிரம் ஆயிரம்.

அந்தப் பாதையில் இறந்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் மயானம் இருக்கிறது. ஏறக்குறைய 7000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறித்து, புல் வெட்டிப் பராமரிக்கிறார்கள். பட்டாளத்தில் பெயர்ப்பட்டியல் இருந்தது. கைதிகளே உயிரைப் பணயம் வைத்து ரகசியமாகக் குறிப்பு எழுதியும் ஒளித்து வைத்தார்கள். நம்மவருக்கோ அப்படி ஒரு முழுப் பட்டியல் கிடையாது. அதனால்தான் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மாண்டார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். எங்கே புதைத்தார்கள் என்று அறியாமலேயே வீட்டில் படத்துக்கு மாலை போட்டவர்கள் உண்டு. படம்கூட இல்லாதவர்களும் உண்டு. சாவு எல்லோருக்கும் ஒன்றுதான். எழுதப்பட்டவருக்குக் கல் இருக்கிறது. எழுதப்படாதவருக்கு அதுவும் இல்லை.

இது பழைய கதை மட்டுமல்ல. இந்த நாட்டில் பிறந்தும் பிறப்புப் பத்திரம் சரியாக இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு வயதானவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில சமயம் பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு வரி துணைச் சான்றாக உதவக்கூடும். தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, ஆபீஸ் காலி செய்யப்படும்போது பழைய தாள்களைக் குப்பையென்று கொளுத்துகிறோமே, அந்த நெருப்பில் யாருடைய உரிமை எரிகிறது என்று நமக்குத் தெரியுமா?

ஒரே இடத்தில் வைக்காதீர்கள்

பாதுகாப்பதிலும் முன்யோசனை வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் 1981 மே 31ஆம் நாள் இரவில் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் போயின. கட்டடத்தைத் திரும்பக் கட்டினார்கள். அந்த ஏடுகளை யாரால் திரும்ப எழுத முடியும்?

இதற்கு மாறாக ஒரு நல்ல செய்தி. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற ஒரு தனி மனிதர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் என்று மற்றவர் எடைக்குப் போடுவதையெல்லாம் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தார். அந்தச் சேகரிப்பை அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, கடல் கடத்தாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூல்நிலையமாக ஆக்கிக் கொடுத்தது. 1994 முதல் அது இயங்கி வருகிறது. ஒரு மனிதர் குப்பையென்று தள்ளாததால் எத்தனையோ பேருக்கு இன்று சான்று கிடைக்கிறது. அவர் படித்துப் பட்டம் வாங்கிய நூலகர் அல்லர். ஆனால் நூலகர் செய்யும் வேலையைச் செய்தார்.

நாம் செய்ய வேண்டியவை

எல்லோரும் ஆராய்ச்சியாளர் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. நம்மால் முடிந்த சில காரியங்கள் உண்டு.

ஒன்று: வீட்டில் உள்ள பழைய படங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் பெயர், இடம், ஆண்டு எழுதுங்கள். "இது யாருன்னு பார்த்தாலே தெரியுமே" என்று நினைக்காதீர்கள். உங்கள் பேரப்பிள்ளைக்குத் தெரியாது.

இரண்டு: மாணவர்களே, இந்த விடுமுறையில் உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ ஓர் அரைமணி நேரம் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தெந்தத் தோட்டத்தில் இருந்தார்கள், கங்காணி பெயர் என்ன என்று கேட்டு எழுதுங்கள். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். கைப்பேசியில் குரலையும் பதிவு செய்யலாம். பெரியவர்களின் அனுமதி கேட்டுச் செய்யுங்கள்.

மூன்று: தோட்டம் கை மாறும்போதும் பள்ளி இடம் மாறும்போதும் பதிவேடுகளைத் தூக்கி எறிய விடாதீர்கள். பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்னின்று அவற்றைப் பெட்டியில் வைத்துப் பட்டியல் போட வேண்டும். சங்கம், கோயில் குழு, தொழிற்சங்கக் கிளை ஆகியவற்றின் கூட்டக் குறிப்புகளும் அப்படியே.

நான்கு: அச்சிட்ட எதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் வெளியிடும் நூல்களின் பிரதிகளைத் தேசிய நூல்நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பெரிய பதிப்பகங்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று இருந்துவிடாமல், நம் விழா மலர்களையும் கோயில் மலர்களையும் அனுப்பி வைப்போம். இன்றைக்கு இந்த மலரில் பரிசு வாங்கும் பிள்ளைகளின் பெயர் இருக்கிறதே, ஐம்பது ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் தேடும் சான்று இதுவாகவே இருக்கலாம். ஆகவே படங்களுக்குக் கீழே எல்லோருடைய பெயரையும் போட வேண்டும். 'மற்றும் பலர்' என்று முடிக்கக் கூடாது. அந்த 'மற்றும் பல'ரில்தான் நம் முன்னோர் காணாமல் போனார்கள்.

ஐந்து: பிள்ளைகளை நூல்நிலையத்திற்கு அழைத்துப் போங்கள். கூச்சப்படாமல் நூலகரிடம் கேட்கச் சொல்லுங்கள். மலாய் மொழியில் கேட்டாலும் சரி, தமிழில் கேட்டாலும் சரி, கேட்பதற்கு ஆள் வந்தால்தான் தமிழ்ப் புத்தகமும் அலமாரிக்கு வரும். அரசாங்கப் பழைய கோப்புகள் வேண்டுமென்றால் கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. சிலாங்கூர் செயலகத்தின் பழைய கோப்புகள் அங்கே உண்டு. மாவட்ட அதிகாரி தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து எழுதிய குறிப்புகளை அங்கே தேடலாம். வழி காட்ட அங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அன்பார்ந்த பெற்றோர்களே! தோட்டங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வருகிறது. நம் குடும்பங்களும் பட்டணத்துக்குப் பிரிந்து போகின்றன. மண் மாறுவதை நாம் தடுக்க முடியாது. அந்த மண்ணில் யார் உழைத்தார்கள் என்ற கணக்கையாவது நாம் நேராக எழுதி, நம்பத்தக்க கையில் ஒப்படைக்க வேண்டும். பரிசு பெறும் மாணவச் செல்வங்கள் அனைவருக்கும் என் வாழ்த்துகள். அடுத்த ஆண்டு மலரில், உங்களில் யாராவது ஒருவர் உங்கள் தோட்டத்தின் சரித்திரத்தை ஆண்டோடும் பெயரோடும் எழுதி வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!